ஒரே இழையில் பல வீடுகள்: குவாண்டம் குறியாக்கம் எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை

2025 மார்ச்சில் ஒரு செய்தி வெளிவந்தது. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் நகருக்கும் சீனாவின் பெய்ஜிங் நகருக்கும் இடையே, 12,900 கிலோமீட்டர் தொலைவில், ஜினான்-1 என்னும் சிறு செயற்கைக்கோளின் துணையோடு குவாண்டம் முறையில் இரகசியச் சாவி பகிரப்பட்டது என்றும், அந்தச் சாவியால் பூட்டப்பட்ட படங்கள் இரு நாடுகளுக்கும் இடையே பரிமாறப்பட்டன என்றும் அது கூறியது. செய்தி உண்மையானது. ஆனால் அதே தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் நம்மவர்கள் இதைப் பற்றிப் பேசிக்கொண்ட விதத்தைக் கேட்டால், நடந்தது வேறு ஏதோ என்று தோன்றும். படமே குவாண்டம் துகள்களாக மாறிப் பறந்தது என்றார் ஒருவர். ஒளியைவிட வேகமாகச் செய்தி போகிறது என்றார் மற்றொருவர். இனி இணையத்தை யாராலும் உடைக்க முடியாது என்பது பலருடைய முடிவு. இந்த மூன்றும் தவறு.

இந்தத் துறை நமக்குப் புதியதுமன்று. டர்பன் மாநகராட்சியின் சொந்த ஒளியிழைகளில், அதாவது ஒளியின் வழியே தகவலைக் கடத்தும் கண்ணாடி இழைகளில், 2008 முதற்கொண்டே இது சோதிக்கப்பட்டிருக்கிறது. எனவே விண்வெளியை விட்டுவிட்டு, நம் தெருவுக்கு அடியில் ஓடும் இழையிலிருந்து இதைப் புரிந்துகொள்ள முயல்வோம். இரண்டு பேருக்கு இடையே மட்டும் இழை இருந்தால் கதை எளிது. ஒரே இழையைப் பல பேர் பகிரும்போதுதான் இந்த முறையின் உண்மையான பலமும் பலவீனமும் வெளிப்படுகின்றன.

பூட்டு வேறு, சாவி வேறு

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் வள்ளி, அதே நகரின் பீனிக்ஸ் பகுதியில் இருக்கும் முத்துவுக்கு ஓர் இரகசியச் செய்தியை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். செய்தியைப் பிறர் படிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றுவதற்குப் பெயர் குறியாக்கம். மாற்றும் வழிமுறை எல்லோருக்கும் தெரிந்ததாகவே இருக்கலாம். மறைத்து வைக்க வேண்டியது அந்த வழிமுறையோடு சேர்த்துப் பயன்படுத்தும் ஒரு நீண்ட எண்ணை மட்டுமே. அந்த எண்தான் சாவி. கணினியில் அது சுழியங்களும் ஒன்றுகளும் கொண்ட ஒரு வரிசை.

சாவி முற்றிலும் தற்செயலாக அமைந்து, செய்தியின் அளவுக்கு நீண்டு, ஒரு முறை மட்டுமே பயன்படுத்தப்பட்டால், அதைக் கொண்டு பூட்டிய செய்தியை எவ்வளவு பெரிய கணினியாலும் உடைக்க முடியாது. இதை கிளாட் ஷானன் கணித முறையில் நிறுவி 1949-இல் வெளியிட்டார். ஆகவே உடைக்க முடியாத பூட்டு என்பது முக்கால் நூற்றாண்டாகவே நம்மிடம் இருக்கிறது. இல்லாதது, அந்தச் சாவியை வள்ளியிடமிருந்து முத்துவிடம் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும் வழி. ஆள் மூலம் கொடுத்தனுப்பினால், வழியில் அவர் படியெடுத்துக்கொண்டாரா என்பதை அறிய இயலாது. இன்றைய இணையம் கடினமான கணிதப் புதிர்களைக் கொண்டு இந்தச் சிக்கலைச் சமாளிக்கிறது. ஆனால் அணு அளவிலான துகள்களின் விதிகளைக் கொண்டு கணக்கிடும் குவாண்டம் கணினி போதிய ஆற்றலோடு உருவானால், இப்போது பரவலாக உள்ள புதிர்களை அது விரைவாக விடுவித்துவிடும் என்று பீட்டர் ஷோர் 1994-இல் காட்டினார். கவலை அங்கிருந்து தொடங்கியது.

குவாண்டம் குறியாக்கம் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வதன் துல்லியமான பெயர் குவாண்டம் சாவிப் பகிர்வு. பெயரே எல்லையைச் சொல்லிவிடுகிறது. அது செய்தியைச் சுமப்பதில்லை. சாவியை மட்டுமே உருவாக்கித் தருகிறது. பூட்டிய செய்தி வழக்கம்போல் சாதாரண இணையத்திலேயே போகிறது. இதற்குக் குவாண்டம் கணினி எதுவும் தேவையில்லை. மிக மங்கலான லேசரும், ஒற்றை ஒளித்துகளை உணரும் கருவியும் இருந்தால் போதும்.

ஒரு தேங்காய், இரண்டு கேள்விகள்

ஒளி என்பது மிகச் சிறிய ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது. அத்தகைய ஒரு பொட்டலம் ஃபோட்டான் எனப்படும். குவாண்டம் சாவிப் பகிர்வு முழுவதும் ஃபோட்டானின் ஒரு விசித்திரப் பண்பின் மேல் நிற்கிறது. அந்தப் பண்பை நெருங்க ஒரு தேங்காய் உதவும்.

ஒரு தேங்காயைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கலாம். உள்ளே பருப்பு நன்றாக இருக்கிறதா என்பது ஒன்று; நட்டால் முளைக்குமா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை வேண்டுமானால் காயை உடைக்க வேண்டும். உடைத்த காய் முளைக்காது. இரண்டாம் கேள்விக்கு விடை வேண்டுமானால் நட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். முளைவிட்ட பிறகு உடைத்தால் உள்ளே இருப்பது தேங்காய்ப்பூ, பழைய பருப்பும் நீரும் அன்று. ஒரு கேள்வியைக் கேட்பதே மற்றக் கேள்விக்கான வாய்ப்பை அழித்துவிடுகிறது. அதோடு, யாரோ உடைத்துப் பார்த்த காயை உடைக்காத காய் என்று சொல்லி இன்னொருவரிடம் கொடுக்கவும் முடியாது.

ஃபோட்டானிடமும் இப்படி ஒன்றையொன்று விலக்கும் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். ஒளியலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதைத் தளவிளைவு என்பார்கள். "நேராக நிற்கிறாயா, படுக்கையாக இருக்கிறாயா?" என்பது முதற்கேள்வி. "வலப்பக்கம் சாய்ந்திருக்கிறாயா, இடப்பக்கம் சாய்ந்திருக்கிறாயா?" என்பது இரண்டாவது. நேராக அனுப்பிய ஃபோட்டானிடம் முதற்கேள்வியைக் கேட்டால் சரியான விடை வரும். அதே ஃபோட்டானிடம் சாய்வைப் பற்றிக் கேட்டால், வலம் என்றோ இடம் என்றோ பாதிக்குப் பாதி தற்செயலாக ஏதோ ஒரு விடை வரும். வந்த விடைக்கு ஏற்ப ஃபோட்டானும் உண்மையிலேயே சாய்ந்துவிடும். அது முன்பு நேராக நின்றது என்ற தகவல் அத்தோடு தொலைந்தது.

தேங்காய் உவமை இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. தேங்காயின் பருப்பு நாம் உடைக்கும் முன்பே நல்லதாகவோ கெட்டதாகவோ இருந்தது. நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஃபோட்டானில் அப்படி ஒளிந்திருக்கும் விடை எதுவும் இல்லை; தவறான கேள்விக்கு விடையே கேட்கும் கணத்தில்தான் பிறக்கிறது. படியெடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியிடமும் ஒரு கேள்வி கேட்கலாமே என்றால், அதற்கும் வழியில்லை. முன்பே தெரியாத ஒரு குவாண்டம் நிலையை அச்சு மாறாமல் படியெடுக்க முடியாது என்பது 1982-இல் நிறுவப்பட்ட தேற்றம்.

சாவி உருவாகும் விதம்

இந்தப் பண்பைச் சாவி செய்யப் பயன்படுத்தலாம் என்ற திட்டத்தை சார்லஸ் பென்னட், ஜீல் பிரசார் ஆகிய இருவரும் 1984 டிசம்பரில் பெங்களூரில் நடந்த ஒரு கணினி மாநாட்டில் முன்வைத்தார்கள். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளையும் ஆண்டையும் சேர்த்து அதற்கு பிபி84 என்று பெயர். ஐந்தாண்டு கழித்து நடந்த முதல் செயல்விளக்கத்தில் ஃபோட்டான்கள் கடந்த தொலைவு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர்தான்.

வள்ளி ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் நாணயம் சுண்டிப் பார்ப்பதுபோல் இரண்டு முடிவுகளை எடுக்கிறார்: அனுப்புவது சுழியமா ஒன்றா, அதை நேர்முறையில் (நேர் அல்லது படுக்கை) எழுதுவதா சாய்வுமுறையில் (வலம் அல்லது இடம்) எழுதுவதா. முத்துவும் தம் பங்குக்கு எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதைத் தற்செயலாகவே தேர்ந்தெடுக்கிறார். ஆயிரக்கணக்கான ஃபோட்டான்கள் கடந்த பிறகு, இருவரும் சாதாரணத் தொலைபேசியிலேயே, யார் கேட்டாலும் பரவாயில்லை என்று, தாம் பயன்படுத்திய முறைகளை மட்டும் சொல்லிக்கொள்கிறார்கள், விடைகளைச் சொல்வதில்லை. முறை ஒத்துப்போன இடங்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை எறிந்துவிடுகிறார்கள். ஏறத்தாழ பாதி மிஞ்சும். மிஞ்சியவற்றில் இருவரிடமும் ஒரே வரிசை இருக்க வேண்டும்.

இடையில் ஒருவர் இழையை அறுத்துத் தம் கருவியைச் செருகினார் என்று கொள்வோம். எந்த முறையில் எழுதப்பட்டது என்று அவருக்குத் தெரியாததால், பாதித் தடவை தவறான கேள்வியைக் கேட்பார். தவறாகக் கேட்டு, கிடைத்ததை வைத்துப் புதிய ஃபோட்டானை அனுப்பினால், முத்துவுக்குப் பாதித் தடவை தவறான விடை போய்ச் சேரும். பாதியில் பாதி, அதாவது நான்கில் ஒன்று பிழையாகும். வள்ளியும் முத்துவும் மிஞ்சிய வரிசையில் நூறு இடங்களை எடுத்துப் பகிரங்கமாக ஒப்பிட்டால், எல்லா ஃபோட்டானையும் தொட்ட ஒட்டுக்கேட்பவர் அவற்றில் ஒரு பிழையும் காட்டாமல் தப்பும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று லட்சம் கோடியில் ஒன்று. ஒப்பிட்ட நூறையும் பிறகு எறிந்துவிடுகிறார்கள்.

நடைமுறையில் யாரும் தொடாவிட்டாலும் கருவிகளின் குறையால் சில பிழைகள் வரவே செய்யும். பிழைவீதம் குறிப்பிட்ட வரம்புக்குக் கீழ் இருந்தால் கணித முறையில் வரிசையைத் திருத்தி, ஒட்டுக்கேட்பவருக்குக் கசிந்திருக்கக்கூடிய அளவைக் கழித்துச் சுருக்கிக்கொள்ளலாம். பிபி84-க்கு அந்த வரம்பு ஏறத்தாழ 11 விழுக்காடு. அதற்கு மேல் போனால் சாவியைக் கைவிட வேண்டியதுதான்.

இதுவரை பார்த்ததை ஒரு முறை தொகுத்துக்கொள்வோம். குவாண்டம் முறை ஒட்டுக்கேட்பதைத் தடுப்பதில்லை, ஒட்டுக்கேட்டால் காட்டிக்கொடுக்கிறது. காட்டிக்கொடுப்பதும் செய்தி அனுப்பப்படும் முன்பே நடக்கிறது. ஆகவே கெட்டுப்போன சாவியை எறிந்துவிட்டுப் புதியதைச் செய்ய நேரம் இருக்கிறது. ஒட்டுக்கேட்பவர் விடாமல் தொல்லை கொடுத்தால் சாவியே கிடைக்காமலும் போகலாம். இரகசியம் காப்பாற்றப்படும், தொடர்பு காப்பாற்றப்படாது.

எடுத்தவுடன் கேட்க வேண்டிய, ஆனால் பலர் கேட்க மறக்கும் ஒரு கேள்வியும் உண்டு. மறுமுனையில் இருப்பவர் முத்துதான் என்று வள்ளிக்கு எப்படித் தெரியும்? ஃபோட்டான்கள் அதைச் சொல்லா. இடையில் ஒருவர் வள்ளியிடம் முத்துவாகவும், முத்துவிடம் வள்ளியாகவும் நடித்தால், இரு பக்கமும் பிழையே இல்லாத அருமையான சாவிகள் கிடைக்கும். இரண்டும் அந்த இடையாளிடம் இருக்கும். இதைத் தவிர்க்க, இருவரிடமும் தொடக்கத்திலேயே ஒரு சிறு இரகசியமோ, வேறு வகை அடையாளச் சான்றோ இருந்தாக வேண்டும். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து இந்த முறை நம்பிக்கையை உண்டாக்குவதில்லை. இருக்கும் சிறு நம்பிக்கையை வைத்துக்கொண்டு சாவியைப் பெருக்கிக்கொள்கிறது.

டர்பனில் நடந்தது

குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் குவாண்டம் தொழில்நுட்ப மையமும், டர்பனை ஆளும் எத்தெக்வினி மாநகராட்சியும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய திட்டத்திற்குக் குவாண்டம் சிட்டி என்று பெயர். பேராசிரியர் பிரான்செஸ்கோ பெட்ருச்சியோனேயின் குழு, மாநகராட்சியின் ஒளியிழைகளில் வணிக முறையில் விற்கப்படும் சாவிப் பகிர்வுக் கருவிகளைப் பொருத்தியது. அதற்கு முன்பு உலகில் நடந்த சோதனைகள் பல, குறுகிய காலம் ஓடி முடிந்தவை. வாங்கிப் பொருத்திய கருவிகள் மாதக்கணக்கில், அன்றாடப் பயன்பாட்டின் நடுவே, தொய்வில்லாமல் இயங்குமா என்பதுதான் டர்பன் கேட்ட கேள்வி. இயங்கும் என்று 2010-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் அவர்கள் காட்டினார்கள். என் பார்வையில், தொலைவுச் சாதனைகளைவிட இது அடக்கமான, ஆனால் அதிகம் பயன்படும் கேள்வி.

அதே 2010-இல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நடந்தபோது, மோசஸ் மபிதா அரங்கத்திற்கும் பாதுகாப்பு நடவடிக்கை மையத்திற்கும் இடையிலான இணைப்பு, ஜெனீவாவின் ஐடி குவாண்டீக் நிறுவனத்தின் கருவிகளைக் கொண்டு இம்முறையில் காக்கப்பட்டது. அரங்கம் ஒரு முனை, மையம் மறுமுனை. இப்படி இரு முனைகளுக்கு மட்டும் என்றால் மேலே சொன்னதே போதும். ஒரு நகரம் முழுவதற்கும் என்றால்?

ஒளித்துகள் பிரிவதில்லை

ஒவ்வொருவருக்கும் மற்ற ஒவ்வொருவரோடும் தனி இழை என்பது நடவாத காரியம். 10 பேருக்கு 45 இழைகள், 100 பேருக்கு 4,950 இழைகள் வேண்டும். அதனால்தான் வீடுகளுக்கு வரும் ஃபைபர் இணைப்பு பெரும்பாலும் வேறு விதமாக அமைந்திருக்கிறது. இணைப்பகத்திலிருந்து ஒரே இழை புறப்பட்டு, தெருவுக்கு அருகில் ஒரு சிறு பெட்டியில் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிந்து வீடுகளுக்குப் போகிறது. அந்தப் பெட்டியில் மின்சாரம் இல்லை, அறிவும் இல்லை. வரும் ஒளியை எல்லாக் கிளைகளுக்கும் பங்கிட்டு அனுப்புவது மட்டுமே அதன் வேலை. அதன் பெயர் ஒளிப்பிரிப்பான்.

இந்த அமைப்பில் ஒரு சங்கடம் உண்டு. இணைப்பகம் உங்கள் வீட்டுக்கு அனுப்பும் ஒளித்துடிப்பில் கோடிக்கணக்கான ஃபோட்டான்கள் இருப்பதால், பிரிப்பான் அதைப் பங்கிடும்போது பக்கத்து வீட்டுக்கும் அதே துடிப்பின் ஒரு பங்கு போகிறது. பக்கத்து வீட்டுக் கருவி, தனக்கு உரியதல்ல என்று அதை ஒதுக்கிவிடுகிறது. தரவு பூட்டப்பட்டும் இருக்கிறது. என்றாலும் இயற்பியல் நோக்கில் உங்கள் ஒளி எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. பகிர்ந்த இழையில் இரகசியம் காப்பது கடினம் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வருகிறது.

துடிப்பில் ஒரே ஒரு ஃபோட்டான் இருந்தால் என்ன ஆகும்? ஃபோட்டானைப் பாதியாகவோ 32-இல் ஒன்றாகவோ வெட்ட முடியாது. பிரிப்பானுக்குள் போன ஒற்றைத் துகளை எங்கே தேடினாலும் ஏதேனும் ஒரே கிளையில்தான் கிடைக்கும். எந்தக் கிளை என்பது முழுத் தற்செயல். இணைப்பகத்தில் இருப்பவர் வள்ளி என்றால், அவர் அனுப்பும் முதல் ஃபோட்டான் ஏழாம் வீட்டுக்கும், அடுத்தது இருபதாம் வீட்டுக்கும், அதற்கடுத்தது மூன்றாம் வீட்டுக்கும் போகலாம். ஒரு வீட்டில் உணரப்பட்ட ஃபோட்டான் வேறு எந்த வீட்டிலும் உணரப்படாது. ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் இணைப்பகத்தோடு தனித்தனியான சாவி தானாகவே உருவாகிறது. பிரிப்பானைத் தொட வேண்டியதுகூட இல்லை. பிரிட்டிஷ் டெலிகாம் ஆய்வகத்தைச் சேர்ந்த பால் டவுன்செண்ட் இதைச் சோதித்து 1997-இல் வெளியிட்டார். சாதாரண ஒளிக்கு எது பலவீனமோ அதுவே ஒற்றை ஃபோட்டானுக்குப் பலமாகிவிட்டது என்பதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

விலையும் உண்டு. நல்ல ஒளியிழையில் 20 கிலோமீட்டர் கடந்தால், புறப்பட்ட 100 ஃபோட்டான்களில் ஏறத்தாழ 40 மிஞ்சும். அந்த 40-ஐ 32 வீடுகள் பங்கிட்டுக்கொண்டால் ஒரு வீட்டுக்கு ஒன்று, கொஞ்சம் அதிகம் கிடைக்கும். சாதாரண இணையத்தில் ஒளி மங்கினால் பெருக்கி வைத்துச் சரிசெய்யலாம். பெருக்குவது என்பது படியெடுப்பது. இங்கே படியெடுக்க முடியாது. ஆக, வீடுகள் கூடக் கூட ஒவ்வொரு வீட்டின் சாவியும் மெதுவாகவே வளரும்.

பணத்தின் கணக்கு இன்னொரு சிக்கல். ஒற்றை ஃபோட்டானை உணரும் கருவி, அனுப்பும் கருவியைவிட மிகவும் விலை கூடியது; டவுன்செண்டின் அமைப்பில் அது ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். கேம்பிரிட்ஜில் உள்ள டோஷிபா ஆய்வகத்தினர் 2013-இல் இதைத் தலைகீழாக்கினார்கள். வீடுகள் அனுப்பட்டும், நடுவில் உள்ள ஒரே உணர்கருவி எல்லோரிடமிருந்தும் முறைவைத்துப் பெற்றுக்கொள்ளட்டும் என்பது அவர்கள் யோசனை. இந்த முறையில் ஓர் உணர்கருவியை 64 பயனர்கள் வரை பகிர்ந்துகொள்ளலாம் என்று காட்டினார்கள்.

ஆக, ஒரே இழையைப் பலர் பகிர்வதால் குவாண்டம் சாவியின் இரகசியம் குறைவதில்லை, வேகம்தான் குறைகிறது.

சாதாரண இணையமும் அதே இழையில் போனால்

பலர் கவனிக்காத தொல்லை இது. வெறும் ஒரு மில்லிவாட் ஆற்றலுள்ள சாதாரணத் தரவு லேசர், ஒரு நொடிக்கு ஏழாயிரம் லட்சம் கோடிக்கும் மேற்பட்ட ஃபோட்டான்களைக் கொட்டுகிறது. அவற்றில் மிகச் சிறு பகுதி கண்ணாடியின் அணுக்களோடு மோதி வேறு நிறத்துக்கு, அதாவது வேறு அலைநீளத்துக்கு மாறிவிடுகிறது. இது ராமன் சிதறல். நம் சர் சி. வி. ராமன் கண்டறிந்த அதே விளைவுதான். அந்தச் சிதறிய ஒளி, குவாண்டம் ஃபோட்டான்களுக்கென்று ஒதுக்கிய அலைநீளத்தில் வந்து விழுந்தால், ஒற்றைத் துகளுக்காகக் காத்திருக்கும் உணர்கருவிக்கு எது உண்மை, எது சிதறல் என்று தெரியாது. பிழைவீதம் ஏறும், ஒட்டுக்கேட்பவர் இல்லாமலேயே சாவி கைவிடப்படும்.

தரவு ஓடாத தனி இழையை இதற்கென ஒதுக்குவது எளிய தீர்வு, செலவும் அதிகம். அலைநீளங்களைத் தூரமாகப் பிரித்து வைப்பது, மிகக் குறுகிய வடிகட்டிகளைப் பொருத்துவது, ஃபோட்டான் வர வேண்டிய கணத்தில் மட்டும் உணர்கருவியைத் திறந்து மூடுவது ஆகியவை மற்ற வழிகள்.

இரண்டு வீடுகள் தமக்குள் பேச வேண்டுமானால்

இப்போது எல்லா வீடுகளுக்கும் இணைப்பகத்தோடு சாவி இருக்கிறது. ஏழாம் வீடும் இருபதாம் வீடும் தமக்குள் இரகசியம் பேச விரும்பினால்? அவர்களுக்குள் ஃபோட்டான் எதுவும் போகவில்லை. இணைப்பகம் ஒரு தந்திரம் செய்யலாம். இரண்டு சாவிகளையும் கணித முறையில் கலந்து, கலந்த வரிசையை ஊரறிய அறிவிக்கிறது. அதைக் கேட்கும் வெளியாருக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் இருபதாம் வீடு அதிலிருந்து தன் சாவியைக் கழித்தால் ஏழாம் வீட்டின் சாவி கிடைத்துவிடும். இருவருக்கும் பொதுச்சாவி ஆயிற்று.

வெளியாருக்குத் தெரியாது, இணைப்பகத்துக்குத் தெரியும். இப்படிச் சாவியை அறிந்துகொண்டு கைமாற்றிவிடும் இடத்தை நம்பகக் கணு என்பார்கள். நம்பத் தகுந்தது என்பதால் அந்தப் பெயர் வரவில்லை; நம்பியே ஆக வேண்டும் என்பதால் வந்தது. அங்கே ஒருவர் விலைபோனாலோ, கணினி ஊடுருவப்பட்டாலோ, இழையில் குவாண்டம் விதிகள் எவ்வளவு கச்சிதமாகக் காவல் காத்தாலும் பயனில்லை.

தொலைவு கூடும்போது இது தவிர்க்க முடியாததாகிறது. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் சாலை வழியே ஏறக்குறைய 570 கிலோமீட்டர். அவ்வளவு நீள இழையில் நொடிக்கு 100 கோடி ஃபோட்டான்களை அனுப்பினாலும், மறுமுனையில் சில நிமிடங்களுக்கு ஒன்றுதான் வந்து சேரும். உணர்கருவி ஒளியே இல்லாமல் தானாக எழுப்பும் பொய்ச் சைகைகள் அதைவிடப் பன்மடங்கு இருக்கக்கூடும். ஆகவே வழியில் கணுக்களை வைத்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சாவியைக் கைமாற்றிப் போகிறார்கள். 2008-இல் வியன்னாவில் காட்டப்பட்ட வலைப்பின்னல் இப்படிப்பட்டது. 2017-இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் நீளமுள்ள பெய்ஜிங்–ஷாங்காய் வழித்தடத்தில் 32 நம்பகக் கணுக்கள் இருக்கின்றன. முழுவதும் குவாண்டம் முறையில் காக்கப்பட்ட வழி என்று கேட்கும்போது, அந்த 32 கட்டடங்களின் கதவுகளையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டெல்லன்போஷ் செய்தியை இப்போது திரும்பப் படித்தால் தெளிவாகிவிடும். யசீரா இஸ்மாயில் தலைமையிலான தென்னாப்பிரிக்கக் குழு அமைத்த தரைநிலையத்தின் மேலே பறக்கும்போது ஜினான்-1 அதனோடு ஒரு சாவியையும், பெய்ஜிங்கின் மேலே பறக்கும்போது அங்குள்ள நிலையத்தோடு மற்றொரு சாவியையும் உருவாக்கியது. இரண்டையும் கலந்து அறிவித்தது செயற்கைக்கோள். எந்த ஃபோட்டானும் 12,900 கிலோமீட்டர் பயணம் செய்யவில்லை. நகரும் ஒரு நம்பகக் கணு விண்ணில் இருந்தது. இரு சாவிகளும் அதற்குத் தெரியும். பூட்டிய படம் சாதாரணத் தொடர்பு வழியில், ஒளியின் வேகத்தை மீறாமல் போனது. இதனால் சாதனை சிறுத்துவிடவில்லை. ஆனால் நம்பிக்கை எங்கே வைக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் செய்தியை மட்டும் பரப்பினால் பாதி உண்மைதான் போய்ச் சேரும்.

நடுவரை நம்பாமல் இருக்க

வழி இருக்கிறது. இரண்டு ஃபோட்டான்களைச் சேர்த்தே உருவாக்கி, ஒன்றின் அளவீட்டு விடையும் மற்றதன் விடையும் எவ்வளவு தொலைவிலும் பொருந்தும்படி செய்யலாம். இதைக் குவாண்டம் பின்னல் என்பார்கள். விடைகள் பொருந்துவதால் செய்தி பறந்தது என்று பொருளில்லை. இரு பக்கமும் தற்செயலான வரிசைகள்தான் கிடைக்கின்றன, அவை ஒத்திருப்பதைப் பிறகு தொலைபேசியில் பேசித்தான் அறிய முடியும். ஒளியைவிட வேகம் என்ற வதந்தியின் பிறப்பிடம் இந்தக் குழப்பமே.

நடுவில் உள்ள நிலையம் இத்தகைய இணைகளை உருவாக்கி, ஒன்றை ஏழாம் வீட்டுக்கும் அதன் துணையை இருபதாம் வீட்டுக்கும் அனுப்பினால், சாவி அந்த இரு வீடுகளில் மட்டுமே பிறக்கிறது. நிலையத்துக்கு அது தெரியாது. நிலையமே ஏமாற்றினாலும் பிழைவீதம் காட்டிக்கொடுத்துவிடும். வெவ்வேறு அலைநீள இணைகளை வெவ்வேறு வீட்டு ஜோடிகளுக்கு ஒதுக்கி, 2018-இல் வியன்னாவில் நால்வரையும், 2020-இல் பிரிஸ்டலில் எண்மரையும் இப்படி ஒன்றோடொன்று இணைத்தார்கள். எண்மருக்கு 28 ஜோடிகள். ஒரே மூலம், ஆளுக்கு ஓர் இழை. மறுபக்கம், விலையுயர்ந்த உணர்கருவி மீண்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்துவிட்டது. நம்பிக்கையைக் குறைத்தால் செலவு கூடுகிறது.

யாருக்கு இது வேண்டும்

பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையமும் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையும் தங்கள் அரசு அமைப்புகளுக்குக் குவாண்டம் சாவிப் பகிர்வை இப்போதைக்குப் பரிந்துரைக்கவில்லை. தனிக் கருவிகள் வேண்டும், நம்பகக் கணுக்கள் வேண்டும், அடையாளச் சான்றுக்கு வேறு வழி வேண்டும் என்பவை அவர்கள் கூறும் காரணங்களில் சில. கருவிகளின் உற்பத்திக் குறைகளும் உண்டு: உணர்கருவியின் மீது வலுவான ஒளியைப் பாய்ச்சி அதன் கண்ணைக் கட்டி, பிழை எதுவும் தெரியாமல் சாவியைத் திருட முடியும் என்று 2010-இல் ஆய்வாளர்கள் வணிகக் கருவிகளிலேயே காட்டினார்கள். விதிகள் உடையவில்லை, கருவி உடைந்தது. பின்னர் அதற்கு மாற்று வழிகள் வந்தன. இந்த எச்சரிக்கைகள் நியாயமானவை என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் பல பத்தாண்டுகள் இரகசியமாக இருக்க வேண்டிய தகவலை, ஒரே நகரத்துக்குள், தம் சொந்த இழைகளில் அனுப்பும் அரசுக்கோ மருத்துவமனைக்கோ வங்கிக்கோ இது பொருந்தக்கூடும். டர்பன் மாநகராட்சியின் நிலை கிட்டத்தட்ட அப்படிப்பட்டதுதான்.

இதே நேரத்தில் வேறொரு துறையும் வளர்ந்திருக்கிறது. பெயர் ஒத்திருப்பதால் பலர் இரண்டையும் ஒன்றென நினைக்கிறார்கள். குவாண்டம் கணினியாலும் விரைவாக விடுவிக்க முடியாது என்று கருதப்படும் புதிய கணிதப் புதிர்களைக் கொண்ட குறியாக்கம் அது. அதில் ஃபோட்டானும் இல்லை, சிறப்புக் கருவியும் இல்லை; மென்பொருள் மட்டுமே. அமெரிக்காவின் தரநிலை நிறுவனம் 2024 ஆகஸ்டில் இதற்கான முதல் மூன்று தரநிலைகளை வெளியிட்டது. அந்தப் புதிர்கள் ஒருபோதும் உடையா என்பதற்கு இயற்பியல் உத்தரவாதம் கிடையாது. இருப்பினும் பகிர்ந்த இழை, தொலைவு, கணு என்ற எந்தத் தடையும் அதற்கு இல்லை. புதுப்பித்த குரோம் உலாவியில் அது ஏற்கெனவே இயல்பாக இயங்குகிறது. எனவே சாட்ஸ்வர்த் வீட்டிலிருந்து வங்கிக் கணக்கைத் திறப்பவர், வங்கியின் வழங்கியும் (சர்வர்) அதை ஏற்குமானால், புதிய இழையோ கருவியோ இல்லாமலேயே அந்தப் பாதுகாப்பைப் பெற்றுவிடுகிறார்.